கடைவாய்ப் பல் வலியும் மிஸ் லா லாவும்: நேஷனல் கேலரியில் ஒரு வெள்ளிக்கிழமை

ரூட் கெனால் செய்து மூன்றாவது நாள். வலது கன்னம் இன்னும் லேசாக வீங்கித்தான் இருந்தது, காபியைக்கூட ஆற வைத்து இடது பக்கமாகவே குடித்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு அன்று காலையில்தான் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. ஞாபகம் இருக்கும், 2024 ஜூலை 19, விமானங்களெல்லாம் நின்றுபோன நாள். எங்கள் ஆபீஸிலும் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்காக நிற்கும்போது அக்கா மகளிடமிருந்து போன். "சித்தி, சாயந்தரம் ஃப்ரீயா? நேஷனல் கேலரில டெகா ஷோ ஒண்ணு நடக்குது, எனக்கு ஃபிகர் டிராயிங் பாக்கணும், தனியாப் போறேன்னா அம்மா ஆயிரம் கேள்வி கேப்பாங்க." பதினேழு வயது, பள்ளியில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். டெகா என்றால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர், பாலே ஆடும் பெண்களை வரைந்தவர்தானே, பார்த்தாலே மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், வெளியேயும் நல்ல வெயில், போகலாம் என்று கிளம்பிவிட்டேன். உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண்காட்சி முழுக்க, கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு சர்க்கஸ் கூரை வரை மேலே போன ஒரு பெண்ணைப் பற்றியது என்று. என் கடைவாய் அப்போதே ஒரு தடவை சுண்டி இழுத்தது.

முதலில் விவரம். கண்காட்சியின் பெயர் 'டிஸ்கவர் டெகா அண்ட் மிஸ் லா லா'. லண்டனில் டிராஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியில் 2024 ஜூன் 6 அன்று தொடங்கி, செப்டம்பர் 1 வரை நடந்தது. இலவசம். தினமும் காலை 10 முதல் மாலை 6 வரை, வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 9 வரை திறந்திருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். கேலரியின் சேன்ஸ்பரி பிரிவு புதுப்பிக்கும் வேலைக்காக அப்போது மூடியிருந்ததால் சதுக்கத்தைப் பார்த்த வாசல் பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது, பையைத் திறந்து காட்டிவிட்டு. கேலரி திறந்து அந்த மே மாதத்தோடு 200 வருஷம் ஆகியிருந்தது, 1824இல் தொடங்கியது. அந்தக் கொண்டாட்டப் பதாகைகளைத் தாண்டித்தான் போனோம்.

அளவில் சின்னக் கண்காட்சி. சும்மா சுற்றி வந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தோம், அதில் முக்கால்வாசி நேரம் நாலைந்து தாள்களுக்கு முன்னால்.

நடுநாயகம் ஒரே ஒரு எண்ணெய் ஓவியம். 'சர்க் ஃபெர்னாண்டோவில் மிஸ் லா லா', 1879. உயரம் 117 சென்டிமீட்டர், அகலம் 77 சொச்சம். கேலரியின் சொந்தச் சொத்துதான், 1925இல் கோர்ட்டோல்டு நிதியில் வாங்கியது, எப்போது போனாலும் அநேகமாகப் பார்க்கலாம். நானே இரண்டு மூன்று தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. ஒரு சர்க்கஸ் கொட்டகையின் கூரை, ஆரஞ்சும் பச்சையுமாகச் சுவர்கள், வளைவு ஜன்னல்கள், மேலேயிருந்து ஒரு கயிறு, அதன் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு அந்தரத்தில் ஒரு பெண். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன, முழங்கால்கள் பின்னால் மடங்கியிருக்கின்றன. தரை இல்லை. கூட்டம் இல்லை. வலை இருக்கிறதா என்றும் தெரியாது. ஓவியர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்ததை நாமும் அப்படியே அண்ணாந்து பார்க்கிறோம்.

அழகான ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியவை அதைச் சுற்றித் தொங்கிய கோட்டோவியங்கள். 1879 ஜனவரி 19ஆம் தேதியிலிருந்து 25ஆம் தேதிக்குள் டெகா குறைந்தது நாலு தடவை பாரிஸில் இருந்த அந்த சர்க்கஸுக்குப் போயிருக்கிறார், ஒரே வாரத்தில். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்த தாள்கள் எங்கெங்கோ சிதறிப் போய்விட்டன. ஒன்று லண்டனிலேயே டேட் கேலரியில் இருக்கிறது, சில பர்மிங்ஹாமில் பார்பர் இன்ஸ்டிட்யூட்டில், ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கெட்டி மியூசியத்தில். அவற்றையெல்லாம் வரவழைத்து ஒரே அறையில் மாட்டியிருந்தார்கள். கல்யாண வீட்டில் பல ஊர்களிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரிகளை வரிசையாக நிற்க வைத்துப் பார்ப்பது போல, யாருக்கு யார் சாயல் என்று கண்டுபிடிக்கிற சுகம் அதில் இருக்கிறது.

ஒரு தாளுக்கு முன்னால் அக்கா மகள் நின்றவள் நகரவேயில்லை. "சித்தி, இந்தக் கையைப் பாருங்க." நான் பார்த்தேன், கை, அவ்வளவுதான். "கிட்ட வந்து பாருங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தால், மேற்கையின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு இல்லை, மூன்று கோடுகள். முதலில் போட்ட கோடு மெலிசாக, சரியான இடத்துக்கு ஒரு நூல் கீழே. அதை அழிக்காமல் அதற்கு மேலேயே இன்னொன்று. மூன்றாவது கோடு அழுத்தமாக, சாக் தாளில் ஊன்றித் தடித்து ஓடி, அக்குளுக்குள் போய் மறைகிறது. அந்த மூன்றாவது கோட்டில்தான் கையின் கனம் முழுவதும் இருக்கிறது. முதல் இரண்டிலும் கை சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது, மூன்றாவதில் உடம்பைச் சமன்படுத்துகிறது. மனிதர் தப்புப் பண்ணியது, யோசித்தது, பிடித்தது எல்லாம் ஒரு அங்குல அகலத்தில் அப்படியே கிடக்கிறது. எண்ணெய் ஓவியத்தில் இதெல்லாம் சாயத்துக்கு அடியில் போய்விட்டது. சமைத்து இலையில் வைத்த பிறகு யாருக்குத் தெரியும், எத்தனை தடவை உப்புப் பார்த்தார்கள் என்று?

இந்த இடத்தில் அவள் எனக்கு ஒரு குட்டி வகுப்பே எடுத்தாள், அதைச் சொல்லாமல் போனால் அந்தத் தாள்களின் துணிச்சல் புரியாது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஓவியம் கற்பது என்றால் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டும், பிறகு பிளாஸ்டர் சிலைகள், அதற்கும் பிறகுதான் உயிருள்ள ஆள். அந்த ஆள் ஒரு மேடையில் ஏறி, ஆடையில்லாமல், ஒரே நிலையில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதென்றால் கை மரத்துப்போய்விடும், அதனால் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். கரித்துண்டால் வரைந்து, தாள் சுருணையால் தேய்த்துத் தேய்த்துத் தோலின் நிழலைப் பளிங்கு மாதிரி கொண்டுவருவார்கள். டெகாவும் 1855இல் பாரிஸின் எகோல் தே போசார் ஓவியப் பள்ளியில் சேர்ந்து இப்படிப் பழகியவர்தான். அதே பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவேயில்லை என்று அவள் சொன்னபோது குரலில் ஒரு கடுப்பு. பள்ளியில் சேர்ந்த அந்த 1855இல், பெரிய ஓவியரான ஆங்ரைப் போய்ப் பார்த்த டெகாவிடம், கோடு போடு தம்பி, நிறையக் கோடு போடு, பார்த்தும் போடு, நினைவிலிருந்தும் போடு என்கிற மாதிரி அவர் சொல்லி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. டெகா அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

அப்படிப் படித்த ஆள் சர்க்கஸில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இங்கேயும் கூரையிலிருந்து கயிறு தொங்குகிறது. ஆனால் அது மாடலுக்குக் கை வலிக்காமல் இருக்கக் கட்டிய கயிறில்லை, அதைப் பிடித்திருப்பது கையுமில்லை. மாடல் அசையாமல் நிற்க மாட்டாள், மேலே போய்க்கொண்டே இருப்பாள், சுழல்வாள், சில நிமிஷத்தில் வித்தை முடிந்து இறங்கிப் போய்விடுவாள். கொஞ்சம் இருங்கம்மா, இடது கையை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நாளைக்கு மறுபடி வர வேண்டியதுதான். நாலு தடவை போனதன் ரகசியம் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாத் தாளையும் அங்கேயே உட்கார்ந்து முடித்திருப்பார் என்றும் நினைக்கவில்லை. சில தாள்கள் அவசரமாக, மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கின்றன. சிலவற்றில் நிதானம் தெரிகிறது, வீட்டுக்குப் போய் விளக்கை ஏற்றி உட்கார்ந்து நினைவிலிருந்து தொட்டுத் தொட்டுச் சேர்த்த நிதானம்.

டேட்டிலிருந்து வந்திருந்த பாஸ்டெல், அதாவது வண்ணச் சாக் ஓவியம்தான் கடைசி ஓவியத்துக்கு மிகவும் நெருக்கம். 61 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட அதே நிலை, அண்ணாந்த தலை, விரிந்த கைகள். ஆனால் அதில் கொட்டகை இல்லாததால் அந்த உடம்பு நமக்கு எதிரிலேயே இருக்கிறது. என் கண் கழுத்தில் போய் நின்றுவிட்டது. தாடையிலிருந்து காறையெலும்பு வரை இழுபட்டு நிற்கும் அந்த ஒரு வளைவு. உடம்பின் மொத்தக் கனமும் பல்லில் இறங்கி, பல்லிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தோளுக்கு என்று போகிற வழி அப்படியே தெரிகிறது. கயிற்றின் நுனியில் தோலால் ஆன ஒரு கவ்வி இருக்கும், அதைக் கடித்துக்கொண்டுதான் இந்த வித்தையைச் செய்வார்கள். இதையெல்லாம் படித்துக்கொண்டே நான் என்னையறியாமல் நாக்கால் என் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகத் தோசையைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுகிறவள் நான்.

கெட்டியிலிருந்து வந்திருந்தது அதைவிடச் சின்னது, பின்னணி என்று பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் தாளில் தொங்கும் உருவம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. சுற்றிலும் ஒன்றுமே இல்லாததால் உயரம் இன்னும் கூடுகிறது. கூரையும் ஜன்னலும் இருந்தால் இவ்வளவு உயரம் என்று கண் கணக்குப் போட்டுவிடும். வெறும் தாளில் அந்தக் கணக்குக்கு வழியில்லை.

அடுத்து ஒரு வேடிக்கை. பர்மிங்ஹாம் தாள்களில் கூரையை மட்டும் வரைந்த ஒன்று இருக்கிறது. சர்க் ஃபெர்னாண்டோ பாரிஸில் மோன்மார்த்த் பக்கம் 1875இல் திறந்த கட்டடம், பதினாறு பக்கங்கள் கொண்ட பலகோணம். அதன் உத்தரங்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் மேலே போய் ஒன்றுகூடுகின்றன. அதைக் கீழேயிருந்து, மையத்திலிருந்து விலகி உட்கார்ந்துகொண்டு வரைவது சாதாரண விஷயமில்லை. உத்தரம் இன்னும் சாய்ந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி தனக்குத்தானே குறிப்பும் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசியில் இந்தக் கூரைக்கான பெர்ஸ்பெக்டிவை, அதாவது தூரத்துக்கு ஏற்பக் கோடுகள் சாயும் கோணத்தைச் சரிபார்க்க, அதற்கென்றே தொழில் செய்கிற ஓர் ஆளைக் கூலிக்கு வைத்துக்கொண்டார் என்று அவரைத் தெரிந்த ஓவியர் வால்டர் சிக்கர்ட் எழுதியிருக்கிறார். மனித உடம்பை அந்தரத்தில் தொங்கவிடத் தானே போதும், கூரைக்கு மட்டும் ஆள் வேண்டும்! இதைச் சொன்னதும் அக்கா மகளின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கும் கோணங்கள் வராது, அவளுடைய ஸ்கெட்ச் புத்தகத்தில் மேஜையெல்லாம் சறுக்குமரம் மாதிரி இருக்கும்.

சரி, யார் இந்த லா லா? கண்காட்சி வெறும் டெகா புராணமாக முடியாமல் போனதற்குக் காரணமே இந்தக் கேள்விதான், அதற்காகத்தான் இதை எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். பெயர் அன்னா ஆல்பர்டீன் ஓல்கா பிரவுன். 1858இல் ஷ்டெட்டீனில் பிறந்தவர், அப்போது பிரஷ்யா, இப்போது போலந்தில் ஷ்செச்சின் என்று பெயர். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், அம்மா வெள்ளைக்காரர். டெகா வரைந்தபோது அந்தப் பெண்ணுக்கு இருபது வயது, அவருக்கு நாற்பத்து நாலு. பல்லால் தொங்குவதோடு நிற்கவில்லை. டிரபீஸ் என்கிற ஊஞ்சல் கம்பியில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பல்லில் கவ்விய சங்கிலியில் ஒரு பீரங்கியைத் தொங்கவிட்டு, அதை வெடிக்கவும் விடுவார். தமாஷ் இல்லை, நிஜமாகவே பீரங்கி. தியோஃபிலா என்ற தோழியோடு சேர்ந்து 'இரண்டு பட்டாம்பூச்சிகள்' என்ற பெயரில் ஜோடியாக வித்தை காட்டினார்கள். அந்தத் தோழி 1888இல் இறந்துபோனார். பிறகு லா லா, உட்சன் என்ற, உடம்பை வில்லாக வளைக்கும் அமெரிக்கக் கலைஞரைக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று மகள்கள், அவர்களும் மேடையேறினார்கள்.

டெகாவின் எந்தத் தாளிலும் அவர் முகம் ஒழுங்காகக் கிடையாது. தலை பின்னால் சாய்ந்து, தாடைதான் நமக்குத் தெரியும். வித்தையே அப்படிப்பட்டது, அதற்காக ஓவியரைக் குற்றம் சொல்ல முடியாது, இருந்தாலும் இத்தனை தாளில் ஒன்றிலாவது அவள் கீழே இறங்கி நின்று மூச்சு வாங்கும்போது வரைந்திருக்கலாமே ஐயா என்று மனசு கேட்கிறது. அதே 1879இல் அதே சர்க்கஸில் வித்தை காட்டிய இரண்டு சிறுமிகளை இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் வரைந்திருக்கிறார், இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதில் அவர்கள் தரையில் நிற்கிறார்கள், ஒருத்தி ஜனங்கள் வீசிய ஆரஞ்சுப் பழங்களைக் கை நிறைய அணைத்துக்கொண்டிருக்கிறாள், முகம் தெரிகிறது, என்ன வயது என்று தெரிகிறது. டெகாவுக்கு முகம் முக்கியமாகப் படவில்லை போல.

அந்தக் குறையைப் புகைப்படங்கள் தீர்க்கின்றன. லா லாவின் பழைய படங்களையும் சர்க்கஸ் சுவரொட்டிகளையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு படத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். கேமராவை நேராகப் பார்க்கிற பார்வை. அவ்வளவு நேரமும் தாடையும் கழுத்தும் தோளுமாக மட்டும் பார்த்துவிட்டு, திடீரென்று அந்த முகம் எதிரே வந்ததும், தெருவில் ரொம்ப நாளாகப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று திரும்பிப் பார்த்தால் ஒரு தூக்கிவாரிப்போடும் இல்லையா, அந்த மாதிரி. சுவரொட்டிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர்களில் 'கறுப்பு வீனஸ்' என்று ஒன்று, 'ஆப்பிரிக்க இளவரசி' என்று ஒன்று. பிறந்தது பால்டிக் கடல் பக்கம், இளவரசியுமில்லை ஒன்றுமில்லை. நிறத்தைக் காட்டி டிக்கெட் விற்றார்கள். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்கிற நாமும் கூத்தாடியை அப்படி ஒன்றும் மரியாதையாக நடத்திவிடவில்லை, அதனால் ரொம்பவும் பேச எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சங்கதி, இது நான் வேறிடத்தில் படித்தது. டெகாவின் அம்மா அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அந்தக் குடும்பம் பருத்தி வியாபாரம் செய்த குடும்பம், டெகாவே 1872இல் அங்கே போய்ச் சில மாதங்கள் இருந்திருக்கிறார். அம்மாவுக்கு நோர்பர் ரில்லியு என்று முறையில் ஒரு சகோதரர், கலப்பினத்தவர், பெரிய பொறியாளர், கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் முறையையே மாற்றியவர். 1894இல் பாரிஸில்தான் இறந்தார். ஆக, டெகா அண்ணாந்து பார்த்த அந்தப் பெண்ணின் நிறம் அவருடைய குடும்பத்துக்கு அந்நியமில்லை. அவர் மனசில் என்ன ஓடியது என்று தெரியாது, தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அறை வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. தாளில் வரைந்தவற்றுக்கு மியூசியங்களில் சாதாரணமாக 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள், அதற்கு மேல் போனால் தாள் பழுத்துவிடும், சாயம் வெளுத்துவிடும். பாஸ்டெல் இன்னும் மோசம், அது தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணப் பொடிதான், குலுங்கினால் உதிரும். அதனால்தான் இவை சில மாதங்கள் வெளியே வந்துவிட்டு மறுபடி பல வருஷம் இருட்டுப் பெட்டிக்குள் போய்விடும். எண்ணெய் ஓவியத்தை அடுத்த வருஷமும் பார்த்துக்கொள்ளலாம், இந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக எப்போது மறுபடி கூடுமோ. எனவே இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்கு என் யோசனை: உள்ளே போனதும் பெரிய ஓவியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகத் தாள்களிடம் போய்விடுங்கள், திரும்பி வரும்போது ஓவியத்தைப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். திரும்பி வந்து பார்த்தபோது அந்த ஓவியத்தில் எனக்குக் கூரை தெரியவேயில்லை, கழுத்துதான் தெரிந்தது.

படிக்கும் கண்ணாடி இருந்தால் மறக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் போனை உயர்த்திப் பெரிய ஓவியத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார்கள், அதனால் கோட்டோவியங்களின் பக்கம் எப்போதும் காற்றாடத்தான் இருந்தது, நமக்கு லாபம். ஒரு அப்பா தன் சின்னப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு "அந்த அக்கா எதைக் கடிச்சிட்டிருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்க, அவன் யோசித்து "சாக்லேட்" என்றான். குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். வரைகிறவர்கள் பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுபோங்கள். அக்கா மகள் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த மூன்று கோட்டுக் கையைத் தன் நோட்டில் போட்டுப் பார்த்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவை வரவில்லை. அழிக்க ரப்பரை எடுத்தவள், எதிரே இருந்த தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரப்பரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். மேலேயே இன்னொரு கோடு போட்டாள். எனக்கு அந்த நிமிஷம் அந்தக் கண்காட்சிக்கே முழு மார்க் போட்டாயிற்று.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு நாலரை. அந்த அரை குறைந்தது டெகாவுக்கு, முகத்தை வரையாததற்கு.

வெளியே வந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது, ஜூலை என்பதால் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பக்கத்தில் ஒரு கடையில் டீ என்ற பெயரில் எதையோ கொடுத்தார்கள், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. "சித்தி, அந்த 1879லயே லா லா லண்டனுக்கும் வந்திருக்காங்களாம், ராயல் அக்வேரியம்னு ஒரு இடத்துல ஷோ" என்றாள். அக்வேரியமா, மீன் காட்சியா என்று போனில் தேடினால், மீன் பெயருக்குத்தான், உண்மையில் அது பெரிய கேளிக்கைக் கூடம். 1876இல் திறந்தது, பீரங்கியிலிருந்து ஒரு பெண்ணை வானத்தில் சுட்டு வலையில் பிடித்த கூத்தெல்லாம் 1877இல் அங்கேதான் நடந்திருக்கிறது. 1903இல் இடித்துவிட்டார்கள். இடம் எங்கே என்று பார்த்தால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு எதிரில், இப்போது மெதடிஸ்ட் சென்ட்ரல் ஹால் நிற்கிற இடம். நடக்கிற தூரம்தான். ஒயிட்ஹால் வழியாகக் கால் மணி நேரம் நடந்து போய் அதற்கு எதிரே நின்றோம். பெரிய குவிமாடத்தோடு வெள்ளைக் கட்டடம், படியில் இரண்டு பேர் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லா லா தொங்கிய கூரை அந்தக் காற்றில் எங்கே இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு நிமிஷத்திலேயே எனக்குக் கழுத்து வலித்தது.

"இந்தாங்க சித்தி" என்று அவள் பையிலிருந்து எடுத்து நீட்டியது கடலை மிட்டாய். அவள் அம்மா ஊரிலிருந்து வரவழைத்தது. பல் டாக்டர் இரண்டு வாரத்துக்குக் கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வாங்கி, இடது பக்கம் போட்டு, மெதுவாகக் கடித்தேன்.